வியாழக்கிழமைப் பைகள்

கெல் டோஃப்ட் தொழிற்சங்க அலுவலகத்துக்குள் குனிந்துதான் வந்தான். எந்த வாசலுக்கும் அவன் குனிந்தே ஆக வேண்டும். இரண்டு மீட்டருக்கு ஒரு விரல் குறைவு. மே மாதத்துப் புதன்கிழமை, நண்பகல். குட்ரூன் தெஸ்ட்ரூப் கறுப்பு ரொட்டியின் மேல் ஈரல் மசியலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“சாப்பிடுற நேரத்துல வந்துட்டேன்,” என்றான் கெல்.

“வந்தாச்சுல்ல, உக்காரு. காப்பி ஊத்திக்கோ.”

அவன் உட்காரவில்லை. “நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு என்னைய வேலைய விட்டுத் தூக்கப் போறாங்க, குட்ரூன்.”

மூலை மேசையில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த ப்ரேபன் பேனாவைக் கீழே போட்டான். “யாரு? எதுக்கு? என்னத்த எடுத்த?”

“அவன் எடுத்தான்னு யாரு சொன்னா? வாய மூடிட்டு நாற்காலிய இழுத்துப் போடு,” என்றாள் குட்ரூன்.

குட்ரூன் இருபத்திரண்டு வருடம் மீன் தொழிற்சாலையில் உறைய வைக்கும் வரிசையில் நின்றவள். இடது கையில் இரண்டு விரல்கள் இன்றும் மடங்காது. ஐம்பத்தெட்டு வயதில் இப்போது சங்கத்தில் ஆட்களின் வழக்கைப் பார்க்கிறாள். ப்ரேபன் பணி ஓய்வு பெற்ற பஸ் மெக்கானிக். குட்ரூனுக்குக் கார் ஓட்டுவது பிடிக்காது என்பதால் அவன் ஓட்டுவான். அதற்குக் கூலியாக எல்லா வழக்கிலும் ஒரு குற்றவாளியைக் கண்டுபிடித்துக் கொடுப்பான். இதுவரை ஒன்றும் சரியாக அமைந்ததில்லை.

கெல் முன்பு மீனவன். படகு உடைக்கப்பட்ட பிறகு இரண்டு வருடம் வேலையின்றிக் கிடந்தான். கடைசி மூன்று வருடமாக மாவட்ட மருத்துவமனையின் ரத்த வண்டியை ஓட்டுகிறான். வியாழன்தோறும் ஸ்டென்ஹவ்ன் மீன் துறைமுகத்தில் ரத்த பஸ் வந்து நிற்கும். துறைமுகத்து ஆட்கள் வந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். செவிலி பெட்டியில் அடுக்கித் தருவாள். கெல் அதை வண்டியோடு படகில் ஏற்றிக் கடந்து, ஒன்றேகால் மணி நேரத்தில் ரத்த வங்கிக்குக் கொண்டுபோவான். அங்கே ரத்தத்தைச் சுழற்றி, சிவப்பை ஒரு பையிலும் மஞ்சள் நிறப் பிளாஸ்மாவை இன்னொரு பையிலும் பிரித்து, பிளாஸ்மாவைக் கல்லாக உறைய வைப்பார்கள்.

“அந்த மஞ்சத் தண்ணிலதான் ரத்தத்தக் கட்ட வைக்கிற சரக்கு இருக்கு,” என்றான் கெல். “ அதுல எட்டாம் காரணின்னு ஒண்ணு. ரொம்ப நோஞ்சான். நேரமானாலும் சாவும், சூடு பட்டாலும் சாவும். மாசாமாசம் பத்துப் பைய ஒடச்சு அத அளந்து பாப்பாங்க. சராசரி நூத்துக்கு எழுவதுக்குக் கீழ போகக் கூடாது. பிப்ரவரில அறுவத்தேழு. மார்ச்ல அறுவத்தஞ்சு. ஏப்ரல்ல அறுவத்தாறு. அளந்த முப்பது பைல இருவத்தெட்டு என் வண்டில வந்தது.”

“மிச்சம் ரெண்டு?” என்றாள் குட்ரூன்.

“ஆஸ்பத்திரிக்கே வந்து குடுத்தவங்களோடது. அதப் பத்தி யாரும் பேசல. இன்னொண்ணும் இருக்கு. ஏப்ரல் தாள்ல நான் பஸ்ஸ விட்டுக் கெளம்பினது பத்து பத்துன்னு இருக்கு. போய்ச் சேந்தது பன்னெண்டு இருவத்தஞ்சு. நடுவுல ஒரு மணி நேரம் எங்கடா போனேன்னு கேக்கறாங்க. நான் எங்கயும் போகல.”

“வழில நிறுத்துறது உண்டா?”

கெல்லின் காது சிவந்தது. “படகுல மட்டும். பன்னெண்டு நிமிஷம். மேல போயி ஒரு காப்பி, ஒரு லவங்கப்பட்டை பன். படகு நடுத்தண்ணில போறப்ப வண்டிக்குள்ள உக்காந்து நான் என்ன ஸ்டியரிங்கையா திருப்பறது?”

“பன்னு!” என்றான் ப்ரேபன், வழக்கே முடிந்துவிட்டதைப் போல.

கெல் சிரிக்கவில்லை. “வேலை போனா போவுது. ஆனா எவனோ ஒருத்தன் ஆபரேஷன் மேசைல ரத்தம் நிக்காமக் கெடந்திருப்பானோ, அது என்னாலயோன்னு நெனச்சாதான் தொண்டைல ரொட்டி எறங்கல.”

குட்ரூன் தன் ரொட்டியை இரண்டாக வெட்டி ஒரு பாதியை அவன் பக்கம் தள்ளினாள். “இது எறங்கும். தின்னு. நாளைக்கு எட்டு மணிக்கு நானும் வரேன்.”

குட்ரூனும் ப்ரேபனும் சரியாக ஒரு மணிக்குக் கிளம்பினார்கள். மருத்துவமனைக்கு அரை மணி நேர ஓட்டம். வழியெல்லாம் ப்ரேபன் மூன்று பேர்மேல் சந்தேகப்பட்டான். அதில் ஒருவர் படகோட்டி.

ரத்த வங்கியின் தரக் கண்காணிப்பாளர் லௌரிட்ஸ் ப்ரேடால் போன வருடக் கடைசிவரை பாலாடைக்கட்டித் தொழிற்சாலையில் இருந்தவர். ஜனவரியில்தான் இங்கே வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, முதுகில் எண் ஒட்டிய கோப்புகள். கெட்டவர் இல்லை. காகிதம் சொன்னால் நம்புகிறவர், அவ்வளவுதான்.

“எனக்கு அவர் மேல கோபமே இல்லைங்க,” என்றார். “ஆனா பாருங்க. பை எண், அளவு, வந்த வண்டி. மூணே பத்தி. எல்லாம் ஒரே ஆளத்தான் காட்டுது. மேல இருந்து எனக்குக் கேள்வி வருதுல்ல.”

“பிப்ரவரி, மார்ச் பயணத் தாளையும் குடுங்க.”

“அதுல ஒண்ணும் இல்லையே. ஒன்னேகால் மணி நேரம்னு ஒழுங்காத்தான் இருக்கு. ஏப்ரல்லதான் தப்பு.”

“அதனாலதான் கேக்கறேன்,” என்றாள் குட்ரூன். தாள்களைப் புரட்டி, அந்த வண்டியில் வராத இரண்டு பைகளின் அளவையும் பார்த்தாள். ஒன்று அறுபத்து நான்கு, மற்றது அறுபத்தெட்டு. மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

உறைவறையை பிர்தெ காட்டினாள். முப்பது வருடமாக அங்கே ஆய்வக வேலை பார்ப்பவள். தடித்த கண்ணாடி, அதைவிடத் தடித்த கம்பளிச் சட்டை. உறைபெட்டியின் கதவைத் திறந்ததும் வெண்புகை காலில் வந்து விழுந்தது. உள்ளே இழுப்பறைகள். பைகள் புத்தகங்களைப் போல நிமிர்ந்து நின்றன.

ப்ரேபன் காத்திருந்த இடம் இதுதான். “கரண்ட் போயிருக்கும்! ராவோட ராவா எல்லாம் உருகி, காலைல மறுபடி உறைஞ்சிருக்கும். யாருக்குமே தெரியாது!”

“எங்க பெட்டியா? போயிருந்தா மணி அடிச்சு ஊரையே எழுப்பியிருக்கும்,” என்றாள் பிர்தெ.

குட்ரூன் கையுறை மாட்டி ஒரு பையை எடுத்தாள். தட்டினால் டொக்கென்று ஒலிக்கும் மஞ்சள் பலகை. விளக்குக்கு நேராகப் பிடித்தாள். பையின் நட்டநடு வயிற்றில் கோலிக்குண்டு அளவு ஒரு காற்றுக் குமிழி உறைந்து நின்றது.

“இத உறைய வைக்கிறப்ப படுக்கப் போட்டுத்தான வைப்பீங்க?”

“ஆமா. மட்டமா. அப்பத்தான் சீக்கிரம் உறையும்.”

“பொறவு நிமித்தி அடுக்குவீங்க. நடுவுல ஒரு தடவ உருகியிருந்தா குமிழி மேல ஏறிக் கழுத்துக்கிட்ட நின்னிருக்கும். நடு வயித்துல நிக்காது. உறைஞ்ச மீன் கட்டியில நாங்க பாக்கறதும் இதுதான்.” இன்னும் ஐந்து பைகளை எடுத்துப் பார்த்தாள். எல்லாக் குமிழியும் நடு வயிற்றில். “உருகல, ப்ரேபன்.”

ப்ரேபன் மனம் தளரவில்லை. “அப்ப படகோட்டிதான்.”

“மாசாமாசம் அளக்கறதுக்குப் பைய எப்படி எடுக்கறீங்க?” என்று குட்ரூன் பிர்தெயைக் கேட்டாள்.

“இந்தா, இந்த முன் இழுப்பறையிலருந்து. நெரம்பி வழியுது பாருங்க.”

“எது நெரம்பி வழியுது?”

“ஓ குரூப்பு. சிவப்புக்கு இது ராஜா. அவசரத்துக்கு யாருக்கும் ஏத்தலாம். அதனால வார விடுமுறைக்கு முன்னாடி, வியாழக்கிழமை தொறமுகத்துல ஓ குரூப் ஆளுங்களா செய்தி அனுப்பிக் கூப்புடுவாங்க. ஆனா பிளாஸ்மால தலகீழு. ஓவோட மஞ்சத் தண்ணி ஓ ஆளுக்கு மட்டுந்தான் ஆவும். ஏபி எல்லாருக்கும் ஆவும், தங்கம் மாதிரி. ஏ-வும் கைக்கு வந்தா நிக்காது. இது மட்டும் குமிஞ்சு கெடக்கும்.”

“அளந்த பை என்ன ஆவும்?”

“குப்பைதான். ஒடச்சத நோயாளிக்கு ஏத்த முடியாதுல்ல.” சொல்லும்போதே அவள் முகம் சுருங்கியது. கதவுக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: எதையும் வீணாக்காதீர்கள். கீழே ப்ரேடாலின் கையெழுத்து, ஜனவரி மாதத் தேதி.

குட்ரூன் அந்தத் தாளை வேண்டிய நேரத்துக்கு மேல் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த மேற்கு யூட்லாந்துப் பக்கத்தில் அதை எழுதி ஒட்டவே தேவையில்லை. உருளைக்கிழங்கு வெந்த தண்ணீரைக்கூட ஆறவைத்துச் செடிக்கு ஊற்றுகிற ஊர்.

ரத்த பஸ் முற்றத்தில் நின்றது. புதன்கிழமை அதைக் கழுவுகிற நாள். செவிலி சிசெல் வாளியும் துடைப்பமுமாக இருந்தாள். ஆள் குள்ளம், வாய் நீளம்.

“கெல்லயா சந்தேகப்படறாங்க? பெட்டிய அவன் பச்சப்புள்ளையத் தூக்கற மாதிரில்ல தூக்குவான்! அந்தப் ப்ரேடால வந்து ஒரு தடவ தூக்கச் சொல்லுங்க.”

“அவன் கெளம்புற நேரத்த நீ எதப் பாத்து எழுதுவ?”

“இதப் பாத்துத்தான்.” கூரைக்கடியில், மருந்து அலமாரிக்கும் மேலே மாட்டியிருந்த கடிகாரத்தைத் துடைப்பத்தால் காட்டினாள். “கையில ரத்தம், கையுறை. ஃபோன எங்க தொடறது?”

ப்ரேபன் அண்ணாந்து பார்த்தான். “ஒண்ணேகாலா? பரவால்ல, காப்பிக்கு நெறைய நேரம் கெடக்கு.”

“எனக்கு இப்பவே பசிக்குது,” என்றாள் குட்ரூன்.

திரும்பவும் ஆய்வகத்துக்குப் போய் பிர்தெயிடம் ஒரு உதவி கேட்டாள். ஒன்பது பைகளை உருக்கி எட்டாம் காரணியை அளக்க வேண்டும். எந்த ஒன்பது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தாள்.

பிர்தெ படித்தாள். “இதுல மூணு ஏ குரூப்பு! நல்ல பைங்க. யாருக்காவது ஆவுமே, மனசு வரலயே.”

“மனசு வராதுன்னு தெரிஞ்சுதான் எழுதிக் குடுத்தேன்,” என்றாள் குட்ரூன்.

மறுநாள் எட்டு மணிக்கு ரத்த வங்கியின் சாப்பாட்டு அறையில் மேசையைச் சுற்றி ஐந்து பேர். ப்ரேடால் கோப்போடு. கெல் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு. ப்ரேபன் முதல் வரிசைச் சீட்டுக் கிடைத்த மகிழ்ச்சியோடு. பிர்தெ கையில் ஒரு தாள். ராத்திரி சரியாகத் தூங்காத கண்.

“மொதல்ல அந்தக் காணாமப் போன ஒரு மணி நேரம்,” என்றாள் குட்ரூன். “பிப்ரவரில காணாமப் போகல. மார்ச்சுலயும் போகல. ஏப்ரல் மொத வியாழன்லருந்து ஒவ்வொரு வாரமும் போவுது. கூடவும் இல்ல, கொறையவும் இல்ல, அச்சா ஒரு மணி. சோம்பேறித்தனத்துக்கு இவ்வளவு ஒழுங்கு கெடையாது, லௌரிட்ஸ். மார்ச் கடைசி ஞாயித்துக்கெழம நாம எல்லாரும் என்ன செஞ்சோம்?”

ப்ரேடாலின் பேனா நின்றது. “கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளினோம்.”

“ஆஸ்பத்திரிக் கடிகாரம் தானா தள்ளிக்கிச்சு. பஸ்ஸு கடிகாரத்தத் தள்ள ஆளில்ல. அது இன்னும் குளிர்காலத்துல நிக்குது. நேத்து ஒரு மணிக்கு எங்க ஆபீஸ்லருந்து கெளம்பி, அரை மணி ஓட்டி, இங்க முக்கா மணி நேரம் சுத்திப் பாத்துட்டு பஸ்ஸுக்குப் போனா ஒண்ணேகால்னு காட்டுது. ப்ரேபன் அதப் பாத்துட்டு காப்பிக்கு நெறைய நேரம் இருக்குன்னு சந்தோஷப்பட்டான்.”

“எனக்கும் ஏதோ இடிச்சுது,” என்றான் ப்ரேபன்.

“இவன் கெளம்பினது பத்து பத்துக்கு இல்ல, பதினொண்ணு பத்துக்கு. ஒன்னேகால் மணி நேரந்தான் ஓட்டினான், பன்னும் சேத்து.”

ப்ரேடால் தாளில் ஏதோ கிறுக்கினார். “சரி. நேரத்த ஒத்துக்கறேன். ஆனா அறுபத்தாறு அறுபத்தாறுதானே? அது கடிகாரத்தால வரலையே.”

“வரல. அந்த ஒரு மணி நேரம் காணாமப் போறதுக்கு முன்னாடியே, பிப்ரவரிலயே அளவு எறங்கிடுச்சு. பொட்டில இருந்ததும் உருகல, குமிழி சாட்சி. அப்பறம் அந்த ரெண்டு பை. கெல்லோட வண்டிய அது ரெண்டும் கண்ணாலகூடப் பாக்கல. அறுவத்து நாலு, அறுவத்தெட்டு. வண்டில வந்ததும் கம்மி, வராததும் கம்மின்னா அது வண்டியோட குத்தமா? அப்ப அந்த முப்பது பைக்கும் வண்டிய விட்டா வேற எது பொது?”

பிர்தெ மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“உங்க காகிதத்துல மூணு பத்தி. எண், அளவு, வண்டி. நாலாவதா ஒரு பத்தி இருந்திருந்தா நான் வரவே வேண்டாம். பிர்தெ, நேத்து அளந்ததப் படி.”

பிர்தெ எழுந்து நின்று படித்தாள். “போன வியாழன், கெல்லோட வண்டி, ஓ குரூப்பு மூணு பை: அறுவத்தாறு, அறுவத்து மூணு, அறுவத்தொம்பது. அதே வியாழன், அதே வண்டி, அதே பெட்டி, ஏ குரூப்பு மூணு பை: தொண்ணூத்து நாலு, எம்பத்தெட்டு, தொண்ணூத்தேழு. ஆஸ்பத்திரியிலயே எடுத்தது, ரோட்டையே பாக்காத ஓ குரூப்பு மூணு: அறுவத்தஞ்சு, எழுவது, அறுவத்து நாலு.”

“ஒரே பெட்டில, ஒரே சீட்டுல பக்கத்துல பக்கத்துல உக்காந்து வந்ததுல ஏ நல்லாருக்கு, ஓ கம்மியாருக்கு,” என்றாள் குட்ரூன். “ஏன்னு எனக்குத் தெரியாது. நான் மீன் அறுத்தவ. உங்கள்ல யாருக்காவது தெரிஞ்சிருக்கணும்.”

“எனக்குத் தெரியும்,” என்றாள் பிர்தெ. தாளை மேசையில் வைத்தாள். “முப்பது வருஷமாத் தெரியும். ஓ குரூப்காரங்களுக்குப் பொறப்புலயே எட்டாம் காரணி சுமார் கால்வாசி கம்மி. நோய் இல்ல, அவங்க வாகு அது. எல்லா குரூப்பும் கலந்து எடுத்தா சராசரி சரியா வரும். முன்னாடி அப்படித்தான் எடுத்துக்கிட்டிருந்தேன். ஜனவரில அந்தத் தாள ஒட்டினீங்க. தங்கமாட்டம் ஏபி பைய ஒடச்சுக் கொட்ட எனக்கும் எப்பவுமே மனசு வராது. குமிஞ்சு கெடக்கறதுதான ஓ, அதுலருந்தே எடுப்போம்னு எடுத்தேன். என் கை எடுக்கறது பூரா ஓன்னு எனக்குத் தோணவே இல்ல, கெல். உன்னக் கேக்கறப்பகூடத் தோணல.”

கெல் தொப்பியைச் சுற்றினான். அவன் கேட்டது ஒன்றைத்தான். “அப்ப அந்தப் பிளாஸ்மா... யாருக்காவது ரத்தம் நிக்காமப் போச்சா?”

“இல்லய்யா! அது நல்ல சரக்கு. ஓ ஆளுங்களுக்கு எப்பவும் போறது அதுதான். அதுல ஒண்ணும் சாவல. நீ கொண்டாந்த ஏ பை தொண்ணூத்தேழு. என் முப்பது வருஷத்துல அவ்வளவு நல்லா வந்து சேந்த பை கம்மி.”

கெல் தலையைக் குனிந்துகொண்டான். சற்று நேரம் அந்தப் பெரிய தோள்கள் மட்டும் ஏறி இறங்கின. ப்ரேபன் ஜன்னலுக்கு வெளியே ஏதோ பஸ்ஸைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

ப்ரேடால் கோப்பை மூடினார். எழுந்து உறைவறை வரை நடந்து, சுவரிலிருந்த தாளைக் கிழித்துக்கொண்டு வந்தார். அதை மடித்துச் சட்டைப் பையில் வைக்கப் போனவர், என்ன நினைத்தாரோ, குப்பைக் கூடையில் போட்டார். பிறகு கெல்லின் முன் வந்து கையை நீட்டினார்.

“மன்னிச்சுக்கோங்க. பாலாடைக்கட்டிக்கு ரத்த குரூப்பு கெடையாது. நான் நாலாவது பத்தியக் கேட்டிருக்கணும்.”

கெல் அந்தக் கையைப் பிடித்தான். ப்ரேடால் வலியைக் காட்டிக்கொள்ளவில்லை.

“உங்களுக்கு என்ன குரூப்பு, லௌரிட்ஸ்?” என்றாள் குட்ரூன்.

அவர் சற்றுத் தயங்கினார். “ஓ.”

“அப்ப நீங்களும் அறுவத்தாறு!” என்று ப்ரேபன் மேசையைத் தட்டினான். “உங்களத்தான் மொதல்ல வேலைய விட்டுத் தூக்கணும்!”

முதலில் சிரித்தது கெல்தான்.

ஒன்பதே முக்கால் மணிக்கு அவன் வண்டியை எடுத்தான். துறைமுகத்தில் காற்று கழுத்தைக் கடித்தது. டீசலும் கடற்பாசியும் கலந்த வாடை. கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு இரண்டு வலைக்காரர்கள் பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள். கெல் குனிந்து உள்ளே போனான். சிசெல் அவன் முகத்தை ஒரு தடவை பார்த்தாள், போதுமாக இருந்தது.

“அப்பாடா! நேத்து குட்ரூன் போனப்பறந்தான் கடிகாரம் தப்புன்னு கண்டேன். நாற்காலி போட்டு ஏறிப் பாத்தேன் கெல், எட்டல. இன்னொரு நாற்காலி போட்டு விழுந்து சாவறதுக்கு, நீயே வந்து மாத்திக்கோன்னு விட்டுட்டேன்.”

கெல் நின்ற இடத்திலிருந்தே கையை உயர்த்தினான். கடிகாரத்தின் பின்னாலிருந்த திருகை விரலால் தள்ளினான். பெரிய முள் ஒரு முழுச்சுற்று வந்து மறுபடி இரண்டில் நின்றது. ஏழு வாரம் தாமதமாக அந்தப் பஸ்ஸுக்குள் கோடைகாலம் வந்தது.

சிசெல் அண்ணாந்து பார்த்து, பயணத் தாளில் பதினொன்று பத்து என்று எழுதினாள். கெல் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டான்.

“படகுல இன்னைக்கு ரெண்டு பன்னு திங்கப் போறேன்,” என்றான். “தாள்ல எழுதிக்கோ.”